பழைய புடவை ஒன்று எடுத்து வா

மண்ணூரைத் தாண்டி நாலாவது நிறுத்தத்தில் லூர்தம்மாள் இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிடச் சேற்றுக்குள் இறக்கிவிடப்பட்டாள் என்று சொல்வதுதான் சரி. ராத்திரி கொட்டித் தீர்த்த மழையில் சாலையோரம் களியாகிக் கிடந்தது. சிக்கிக்கொண்ட ஒரு செருப்பைக் குனிந்து பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே டீக்கடை, அதற்குப் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் ஏரிக்கரைப் பனைமரங்கள். மஞ்சள் பலகையில் நாவப்பேடு என்று எழுதியிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சு செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாக லைனில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அவள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியை இரண்டு நாள் மூடுவார்கள். அந்த இரண்டு நாளில் துணி துவைத்துத் தூங்கலாம் என்றிருந்தவளுக்கு, கல்யாணமாகிப் போகும்வரை லைனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காந்திமதியிடமிருந்து கார்டு வந்தது. 'லீவுக்கு அவசியம் வா. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். பழைய புடவை ஒன்று எடுத்து வா.' அவ்வளவுதான். விருந்துக்குக் கூப்பிடுகிறவள் பழைய புடவையை எதற்குக் கேட்கிறாள் என்று வழி நெடுக யோசித்துப் பார்த்தும் லூர்தம்மாளுக்குப் பிடிபடவில்லை.

"அண்ணே, நடேசன் வூடு எங்க கீது? சம்சாரம் பேரு காந்திமதி."

டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்த ஒரு அம்மாள், காந்திமதி என்ற பேரைக் கேட்டதும் அப்படியே திரும்பி வேறு பக்கமாக நடந்தாள்.

"இன்னாய்யா இது, ஊருக்கே ஒரே நாள்ல தொண்ட கட்டிக்கிச்சா?" என்றாள் லூர்தம்மாள். அவள் வாய்க்கு எஸ்டேட்டில் பயப்படாத சூப்பர்வைசர் கிடையாது.

"நீ யாரும்மா? பையில இன்னா?" என்றார் டீக்கடைக்காரர். மே மாதம் பெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கம் புது முகத்தைக் கண்டால் எல்லோரும் பையைத்தான் கேட்டார்கள். அவள் பையைப் பிரித்துக் காட்டினாள். கம்பெனி பூஜைப் பொரி இரண்டு பொட்டலம், சாத்துக்குடி, மடித்த புடவை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"என்னாண்ட கேக்காத. நேராப் போ. எந்த வூட்டு வாசல்ல ஒரு ஆளும் நிக்கலையோ, அந்த வூடுதான்."

அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மற்ற வாசல்களில் மாவிலைத் தோரணமும் பிள்ளைகளும் மாடு கழுவுகிறவர்களும். இந்த வாசலில் ஒரு கோழிகூட மேயவில்லை. காந்திமதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"இன்னாடி நடக்குது உங்க ஊர்ல?"

"மொதல்ல சாப்டு. அப்புறம் சொல்றேன்."

வயல் நண்டைத் தட்டி, மிளகும் பூண்டும் போட்டுக் கொதிக்க வைத்த சாறு. கேழ்வரகுக் களி. வரப்போரத்துப் பொன்னாங்கண்ணிக் கீரை. "கடைல எங்களுக்கு ஒரு குண்டூசி குடுக்க மாட்டாங்க. இதெல்லாம் நெலத்துல கெடச்சது. மிச்சத்துக்கு மண்ணூருக்குத்தான் ஓடணும்," என்றாள் காந்திமதி. லூர்தம்மாள் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள், கதை முழுக்க வந்தது.

ஊர் ஏரியில் மதகுக்கு நேர் முன்னால் லாரி வைத்து மண் எடுத்தார்கள். ஒரகடம் பக்கம் வரப்போகிற கம்பெனிகளுக்குப் பள்ளம் ரொப்ப மண் வேண்டும். நாட்டாமை பாண்டுரங்கன்தான் லாரிக்கு வழி விட்டது. ஏரியில் பள்ளம் விழுந்தால் தண்ணீர் பள்ளத்தில்தான் நிற்கும், மதகுக்கு ஏறாது. மதகுக்கு ஏறாவிட்டால் கடைமடையில் இருக்கிற இவர்கள் முக்கால் ஏக்கருக்கு ஒரு சொட்டு வராது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. காந்திமதி வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு காஞ்சிபுரம் போய் மனு கொடுத்துவிட்டு வந்தாள். லாரி நின்றது. மறுநாளே பொன்னியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. அவர்களோடு யாரும் பேசக்கூடாது. கொடுக்கல் வாங்கல் கூடாது. அவர்கள் நிலத்தில் யாரும் காலை வைக்கக்கூடாது. மீறினால் மீறினவர்களுக்கும் அதே கட்டு.

"நீயாடி மனு குடுத்த?" லூர்தம்மாளால் நம்ப முடியவில்லை. "எட்டு வருஷம் லைன்ல உன் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேன். ஓ.டி.ய வெட்டினாக்கூட வாயத் தொறக்க மாட்ட. நாந்தான் உனக்கும் சேத்துக் கத்துவேன்."

"அங்க நீ இருந்த. இங்க யாரு கீறா?"

லூர்தம்மாள் ஒரு நண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

கொல்லைப்புறத்திலிருந்து நடேசன் வந்தான். கையும் காலும் சேறு. "வாம்மா தங்கச்சி," என்று சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது. "இவ சொல்லிட்டாளா? நாத்து முப்பத்தாறு நாள் ஆவுது. இருவத்தஞ்சுல புடுங்கி நட்டிருக்கணும். இன்னும் ரெண்டு நாள் போனா கணு வுட்டுடும். அப்புறம் மாட்டுக்குத்தான் போடணும். நடவுக்கு ஒரு ஆளு வர மாட்டேங்குது."

"இவ தனியா நடக்கூடாதா?"

"மூணு நாளா நட்டுக்கினுதான் கீறா. ஒரு மூலைதான் ஆச்சு. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். ஆள் கெடைக்கலன்னா கோயிலாண்ட போயி ஊரு முன்னாடி நெடுஞ்சாண்கெடையா வுழுந்துட்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். மனுவ வாபஸ் வாங்கறோம்னு இவளும் கையெழுத்துப் போட்டுடணும்."

"நீ வேணா வுழு. நான் போட மாட்டேன்," என்றாள் காந்திமதி.

"நெல்லு இல்லாம இன்னாத்தடி துன்றது?"

"இந்த வருசம் வுழுந்தா, அடுத்த வருசம் மதகே இருக்காது. அப்ப இன்னாத்தத் துன்னுவ?"

நடேசன் நாற்றங்காலுக்குத் திரும்பிப் போனான். கெட்டவன் இல்லை. களைத்துப் போனவன்.

லூர்தம்மாள் தன் பையை ஒரு பார்வை பார்த்தாள். "ஏண்டி, ஊரு சுத்திக் காட்றேன்னு எழுதினியே. நடவுக்கு ஆள் புடிக்கவா கடுதாசி போட்ட?"

"ஆமா," என்றாள் காந்திமதி கூச்சமே இல்லாமல். "ஊரும் சுத்திக் காட்றேன். கெளம்பு."

சுற்றிக் காட்டினாள். தெரு நடுவில்தான் கூட்டிப்போனாள், ஓரமாக இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "இது மேலத்தெரு பாத்துக்க, இது பஜனை கோயிலு, இது எங்க சின்ன மாமனாரு வூடு, நாட்டாமைன்னு சொன்னேனே அவுருதான்," என்று உரக்கச் சொன்னாள். கதவுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன. கிணற்றடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த உயரமான ஒரு பெண் இவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் புல்லுக்கட்டோடு திரும்பிப் போனவளும் அவள்தான்.

"செல்லம்மா அக்கா," என்றாள் காந்திமதி. இந்தத் தடவை குரல் இறங்கிப் போயிற்று. "இந்த ஊரு நடவுக்கெல்லாம் அதான் தலைவி. கண்ணாலம் கட்டிக்கினு வந்தப்ப எனக்கு நாத்துக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கையப் புடிச்சு நட்டுக் குடுத்ததே அதுதான். நாப்பது நாளா ஒரு வார்த்த இல்ல."

ஏரிக்கரை மேல் ஏறினார்கள். ஐப்பசி மாதத்து வானம் தண்ணீருக்குள் சாம்பலாகக் கிடந்தது. நாரைகள், கரையோரம் கோரை, தூரத்தில் தூண்டில் போட்டபடி ஒருவர். செம்பரம்பாக்கத்து ஏரியைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்த லூர்தம்மாளுக்கு இது சின்ன ஏரிதான், ஆனால் அழகாக இருந்தது. மதகு முன்னால் வந்ததும் அந்த அழகு போய்விட்டது. பல்லைப் பிடுங்கின ஈறு மாதிரி ஒரு பெரிய பள்ளம். மழைத் தண்ணீரெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தது. மதகின் வாய் அதற்கு மேலே காய்ந்துபோய் நின்றது.

"இத்தப் பாத்துட்டு நீயா இருந்தா இன்னா பண்ணுவ?" என்றாள் காந்திமதி.

"லாரி டயர்ல காத்தப் புடுங்கி வுட்ருப்பேன்."

"அது எனக்குத் தோணல பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏரிக்கரையில் நின்று சிரிக்கிற சத்தம் ஊருக்குக் கேட்கட்டும் என்றே காந்திமதி கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள்.

கரையோடே வடக்குப்பட்டுப் பக்கம் நடந்தார்கள். அங்கே ஒரு நிலத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்து பின்னாலேயே நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் பாதி தூரம் போயிருப்பார்கள், சின்ன வயதுக்காரி ஒருத்தி குதித்து ஏறி வந்து லூர்தம்மாளின் காலடியில் ஒரு பிடி நாற்றைக் கட்டிய முடியை வைத்தாள். எல்லோரும் நிமிர்ந்து ஓ என்று கத்தினார்கள்.

"தாண்டாத! தாண்டாதடி!" காந்திமதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி, பாம்பா?"

"நடவுக்காரங்க முடி வெச்சா எதுனா குடுத்துட்டுத்தான் போவணும். நட்றவங்க ஒவ்வொருத்தர் கைக்கும் சேரணும். குடுக்காம தாண்டக்கூடாது. அது லட்சுமி. கலெக்டரா இருந்தாலும் நின்னுதான் ஆவணும்."

"யாராயிருந்தாலுமா?"

"யாராயிருந்தாலும்."

லூர்தம்மாள் பையில் கைவிட்டுப் பொரிப் பொட்டலத்தை எடுத்தாள். வரிசையாக நீண்ட சேற்றுக் கைகளில் ஒரு பிடி ஒரு பிடியாகப் போட்டாள். "கம்பெனி பொரியா? நம்மூரு பொரிய வுட வெள்ளையா கீது," என்று தின்றுகொண்டே ஒரு அம்மாள் வரப்புக்கு வந்தாள். அவள்தான் கூட்டத்துக்குத் தலைவி, பாப்பம்மாள். காந்திமதி விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தினி நாளு நாத்து?"

"முப்பத்தாறு."

"ஐய்யய்யோ." பாப்பம்மாள் வாயில் பொரியோடு நின்றுவிட்டாள். அப்புறம் மெல்லச் சொன்னாள். "உன்னாண்ட மறைக்கறதுக்கு இன்னா கீது. உங்க நாட்டாம ஆளு அனுப்பிட்டாரு. உங்க நெலத்துல எறங்கினா அறுப்புக்கு நாவப்பேட்டுல எங்க கும்பலுக்கு வேல கெடையாதாம். நான் ஒருத்தின்னா வந்துருவேம்மா. பன்னெண்டு வாயி கீது."

"சரிக்கா," என்றாள் காந்திமதி. "உன்மேல தப்பு இல்ல."

திரும்பி வரும்போது இன்னும் இரண்டு ஊரில் கேட்டார்கள். ஒரு இடத்தில் மோர் கொடுத்தார்கள், ஒரு இடத்தில் நாயை விட்டார்கள். ஆள் மட்டும் கிடைக்கவில்லை. ஊர் எல்லையில் தூறல் பிடித்துக்கொண்டது. புங்க மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது லூர்தம்மாள் கேட்டாள், "வரிசை நேரா வர்றதுக்கு எதுனா கயிறு கட்டுவீங்களா?"

"கண்ணுதான் கயிறு."

"என் கண்ணு கம்பெனில போச்சு. கோணலா வந்தா என்னைக் கேக்காத."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் லூர்தம்மாள் அந்தப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். சேறு முதலில் ஜில்லென்றது, பிறகு கெட்டியாகக் காலைப் பிடித்துக்கொண்டது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் மூன்று நாற்றைப் பிடித்து மேலாக அழுத்தி விட்டுவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் பத்து சுவிட்சு கோக்கிற விரல்தான், ஆனால் சேற்றுக்குள் அதற்கு மூளை இல்லாமல் போய்விட்டது. ஆழமாக விட்டாள், மிதக்க விட்டாள். காந்திமதி நாலு வரிசை பின்னால் போயிருப்பாள், இவள் ஒரு வரிசையில் நின்றுகொண்டு இடுப்பைப் பிடித்து அந்தோணியாரைக் கூப்பிட்டாள்.

"இப்பிடியே நட்டா எப்பிடி முடியும்?" நாற்றங்காலில் பிடுங்கி முடி கட்டிக்கொண்டிருந்த நடேசன் கேட்டான்.

"முடியாது," என்றாள் காந்திமதி நிமிராமல். "நட்ட வரைக்கும் நட்டதுதான். நீ முடியக் கட்டு."

மணி எட்டரை இருக்கும். அந்த நிலத்தை ஒட்டிய வரப்புதான் தெருவிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி. ஒரு பக்கம் இவர்கள் நிலம், மறுபக்கம் வேலிக்காத்தான் முள் கவிந்த கால்வாய், அதில் மழைத் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. வரப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு வேட்டி வந்தது. அங்கவஸ்திரம், குடை, கையில் மஞ்சள் பை.

"சின்ன மாமா," என்றாள் காந்திமதி. "திருவள்ளூர்ல பொண்ணுக்கு வளகாப்பு. ஒம்போது மணி பஸ்ஸு."

பாண்டுரங்கனுக்குப் பின்னால் பத்தடி விட்டு, அன்றைய வேலைக்குப் போகிற செல்லம்மாளும் ஐந்து பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். ஒற்றையடி வரப்பு. ஒருவர் பின்னால் ஒருவர்தான் வர முடியும்.

நாட்டாமை நடையைக் குறைத்தார். கோணல் மாணலான வரிசைகளைப் பார்த்தார். பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஹூம் என்று மூக்கால் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் வினையாயிற்று. தன் வேலையை யாராவது பார்த்துச் சிரித்தால் லூர்தம்மாளுக்கு ஆகாது, அது ரிஜெக்ட் ஆன வேலையாகவே இருந்தாலும்.

கையிலிருந்த நாற்று முடியோடு விறுவிறுவென்று வரப்பேறினாள். அவருடைய புதுச்செருப்புக்கு முன்னால் அதை வைத்தாள். பின்னால் வந்த பெண்களில் யாரோ பழக்க தோஷத்தில் ஓ என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடுத்துட்டுப் போங்க பெரியவரே," என்றாள் லூர்தம்மாள்.

"யாரும்மா நீ?"

"நடவுக்காரி."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வெளியூர்க்காரியோடு பேசினால் கட்டுப்பாட்டில் குற்றமில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டினார்.

"எனக்கு ஒண்ணு ஆச்சு. நட்றது ரெண்டு பேரு. ஒவ்வொருத்தர் கைக்கும் சேரணுமாமே? தோ கீறா பாருங்க இன்னொருத்தி. அவ கைலயும் குடுங்க."

காந்திமதி சேற்றில் நின்றபடியே கையை நீட்டினாள்.

நாட்டாமை அந்தக் கையைப் பார்த்தார். அவள் கையில் கொடுத்தால் கொடுக்கல் வாங்கல். தாண்டினால் லட்சுமியை மிதித்தவர் என்று ஆறு பெண்கள் அறுவடை வரைக்கும் சொல்லுவார்கள், அதுவும் மகளுக்கு வளைகாப்பு நாளில். திரும்பலாம் என்றால் ஆறு பேரும் வரப்பை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"எடும்மா அத்த."

"நான் வெச்சத நானே எப்பிடி எடுக்கறது?"

"செல்லம்மா, நீ வந்து எடு."

செல்லம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "அவங்க வெச்ச முடிய நான் எடுத்தா கொடுக்கல் வாங்கல் ஆயிடாதா நாட்டாமை? கட்டுப்பாடாச்சே."

சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. பாண்டுரங்கன் கால்வாயைப் பார்த்தார், முள். இந்தப் பக்கம் பார்த்தார், சேறு. இரண்டே எட்டில் முடியைச் சுற்றி ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை நிலத்தில் வைத்தார். மூன்று நாள் உழுது பரம்படித்த சேறு அவரை முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. தடுமாறி இடது காலையும் வைத்தார். மூன்றாவது எட்டில் ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"மாமா," என்றாள் காந்திமதி. நாற்பது நாளில் அவரை அவள் நேருக்கு நேர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எங்க நெலத்துல யாரும் காலை வெக்கக்கூடாதுன்னு கோயிலாண்ட சொன்னது நீங்கதான?"

அவர் பேசவில்லை. வாயைத் திறந்தால் பேசின குற்றமும் சேர்ந்துகொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டும். முடிக்கு அப்பால் வரப்பைப் பிடித்து ஏறி, ஒற்றைச் செருப்போடு, முழங்கால் வரை சேற்றோடு பஸ்ஸைப் பார்த்து ஓடினார். வளைகாப்புக்கு அப்படியேதான் போனாரா, வழியில் எங்கேயாவது கழுவினாரா என்பது தெரியவில்லை.

செல்லம்மாள் வந்து நாற்று முடியின் முன்னால் நின்றாள். குனிந்து எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"அக்கா, ஊர்க்கட்டு?" பின்னாலிருந்து ஒருத்தி பயந்துகொண்டே கேட்டாள்.

"கட்டு போட்ட காலே எறங்கிடுச்சு. நம்ம காலுக்கு இன்னா வந்துச்சு? எவனாவது கேட்டா மொதல்ல நாட்டாமைக்குப் போடு கட்டு, அப்புறம் எனக்குப் போடுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"இன்னிக்கு ஒத்துக்கினு வந்த வேல?"

"அது இருவது நாள் நாத்து. நாளைக்கு நடலாம். இது முப்பத்தேழு. எறங்குங்கடி."

முப்பத்தேழு என்று ஒரு நாள் தவறாமல் எண்ணி வைத்திருந்திருக்கிறாள். காந்திமதி அதைக் கேட்டதும் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், முகமெல்லாம் சேறாயிற்று. ஆறு பேரும் சளக் சளக்கென்று இறங்கினார்கள். செல்லம்மாள் நட்ட இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இத்த எவ நட்டா?"

"நாந்தான்," என்றாள் லூர்தம்மாள்.

"நடவா இது, கோழி கெளறினதா? புடுங்கு. எல்லாத்தியும் புடுங்கு. ஏண்டி காந்திமதி, சொல்லிக் குடுத்து எறக்க மாட்டியா நீ? இதத்தான் நான் உனக்குக் கத்துக் குடுத்தேனா?"

நாற்பது நாளுக்குப் பிறகு ஊர் காந்திமதியிடம் பேசிய முதல் பேச்சு இந்தத் திட்டுதான். அவள் சிரித்தாள், அழுதாள், "இல்லக்கா, இல்லக்கா," என்றாள். நடேசன் கையில் இரண்டு முடியோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சாயங்காலம் கோயிலாண்ட போவணுமா, வேணாமா?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டான்.

"எட்டு பேருக்கு நண்டு பத்தாது. போயி இன்னும் புடிச்சினு வா," என்றாள் காந்திமதி.

லூர்தம்மாள் தன் கோணல் வரிசைகளைப் பிடுங்கிக்கொண்டே வந்து, நாட்டாமையின் கால் இறங்கிய மூன்று குழிகளுக்கு முன்னால் நின்றாள். மூன்றிலும் தண்ணீர் நின்றது. ஒன்றில் செருப்பு. அதை எடுத்து வரப்பு மேல் எறிந்துவிட்டு நாற்றை வைக்கப் போனாள்.

"அங்க வெக்காத," என்றாள் செல்லம்மாள். "பள்ளம். அழுவிடும்."

காந்திமதி முட்டி போட்டாள். இரண்டு கையாலும் சேற்றை வாரி வாரி மூன்று குழியையும் ரொப்பி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தாள். லூர்தம்மாளின் கையிலிருந்து நாற்றை வாங்கி ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாக, நேராக நட்டாள்.

"வரும்க்கா," என்றாள். "இங்கதான் மொதல்ல வரும்."